ஆக வந்தால் எல்-ஒய்

ஏப்ரல் 7, திங்கள்

உரக்கடை அங்கமுத்து புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. மூன்று மாதமாக பீரோவின் மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விவசாயக் குறிப்பு போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு, வெண்டையில் சாம்பல் நோய் வந்தால் என்ன செய்வது என்று. என்னிடம் வெண்டையும் இல்லை, நோயும் இல்லை. இருந்தாலும் எழுதத் தொடங்கிவிட்டேன். அடுத்த வருடம் மே மாதம் ஓய்வு. முப்பத்து மூன்று வருடம் தாராபுரத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நாச்சிமுத்து என்ன நினைத்தான் என்று பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இங்கிலீஷிலேயே எழுதலாம்தான். என் மனைவி கோகிலவாணி படித்தால் புரிய வேண்டுமே என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

இன்று எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். "லவ்லி" என்பது அட்ஜெக்டிவா, அட்வெர்பா என்று ஒரு கேள்வி. அட்வெர்ப் என்று எழுதிய முப்பத்தொரு பேருக்கு மதிப்பெண். அட்ஜெக்டிவ் என்று எழுதிய நான்கு பேருக்குச் சுழி. பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள் நிவேதினி. டிசம்பரில்தான் வேலைக்குச் சேர்ந்த இங்கிலீஷ் டீச்சர். கோயம்புத்தூரில் படித்தவளாம்.

"சார், லவ்லி அட்ஜெக்டிவுங். லவ்லி ஃப்ளவர்னு சொல்றமில்லீங்?"

"கடைசியில என்ன இருக்குது பாரும்மா. எல்-ஒய். எல்-ஒய் இருந்தா அட்வெர்ப்."

"ஃப்ரெண்ட்லிங்கறதுலயும் எல்-ஒய் இருக்குதுங். அதுவும் அட்ஜெக்டிவ்தானுங்."

நான் சிரித்து வைத்தேன். வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகவில்லை, வாலை ஆட்டுகிறது.

என் சூத்திரத்தை இங்கே பதிந்துவைக்கிறேன். ஒரு பொருளையோ ஆளையோ பற்றிச் சொன்னால் அட்ஜெக்டிவ். செயலைப் பற்றிச் சொன்னால் அட்வெர்ப். இது புரியாத பிள்ளைக்குத் தமிழை வைத்துச் சொல்வேன். "அழகான பெண்" என்பதில் "ஆன" வருகிறது, அது அட்ஜெக்டிவ். "அழகாகப் பாடினாள்" என்பதில் "ஆக" வருகிறது, அது அட்வெர்ப். ஆக வந்தால் எல்-ஒய். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல வெள்ளைக்காரன் இருநூறு பக்கம் எழுதியிருக்கிறான். நான் மூன்று சொல்லில் முடித்துவிட்டேன். என்னிடம் படித்தவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வேகமாக என்பதற்கு ஃபாஸ்ட்லி என்று சொல்வான்.

ஏப்ரல் 9, புதன்

தண்ணீர் வரவில்லை. மோட்டாருக்கு ஆள் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு டீச்சர் சுகந்தி மதியம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள். பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஜூனில் அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் வருகிறது, இவளை அனுப்பிவிடுவார்கள். கோத்தகிரியில் ஒரு விடுதிப் பள்ளியில் நிரந்தர வேலை, குடியிருக்க வீட்டோடு. அதற்கு மனுப் போட்டிருக்கிறாள். பள்ளியின் மூத்தவர் ஒருவர் இவளைப் பற்றி இங்கிலீஷில் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். தலைமை ஆசிரியர் இடம் காலியாகக் கிடப்பதால் பொறுப்பில் இருப்பவன் நான்.

"உங்களத்தானுங் சார் நம்பியிருக்கறன். நாப்பத்தாறு வயசாயிருச்சுங். இதை உட்டா வேற எடம் கெடைக்காதுங்."

பிப்ரவரியில் என் பீரியடைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்காக இவளிடம் கொஞ்சம் சத்தம் போட்டிருந்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதி முடித்தேன். முதலில் தமிழில் குறித்துக்கொள்வது என் பழக்கம். சுகந்தி கடினமாக உழைக்கிறார். பள்ளிக்குத் தாமதமாக வந்ததில்லை. அருகிலேயே வசிக்கிறார், எப்போது கூப்பிட்டாலும் வருவார்.

பிறகு சூத்திரத்தைப் போட வேண்டியதுதான். கடினமாக, ஹார்ட்டோடு எல்-ஒய். தாமதமாக, லேட்டோடு எல்-ஒய். அருகில் என்பதில் "ஆக" இல்லை. ஆனால் வசிப்பதைத்தானே சொல்கிறது, அது செயலாயிற்றே. அதற்கும் ஒரு எல்-ஒய்.

"ஷி ஹார்ட்லி ஒர்க்ஸ். ஷி ஹேஸ் நாட் கம் டு ஸ்கூல் லேட்லி. ஷி நியர்லி லிவ்ஸ்."

முதலில் "ஒர்க்ஸ் ஹார்ட்லி" என்றுதான் எழுதினேன். அட்வெர்பைத் தூக்கி வினைக்கு முன்னால் வைத்தால் ஒரு மிடுக்கு வரும். மாற்றினேன். கோத்தகிரிக்காரர்கள் படித்துவிட்டு, தாராபுரத்தில் இப்படி ஒருவன் இருக்கிறானா என்று கேட்கட்டும்.

ஒரு நகலை என் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மோட்டார் சரியானது. கோகிலவாணி அரைத்துவிட்ட குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது என் சூத்திரத்தை அவளுக்கு விளக்கினேன். அவள் பிளஸ் டூ வரை படித்தவள், கேட்கட்டும் என்று.

"ஏனுங்க, ஆகன்னு வந்தாலே எல்-ஒய் போட்டறலாமாக்கும்?"

"ஆமா."

"அப்ப 'எனக்காக'ன்னா என்னங்க? மீலியா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குழம்பு ஆறிவிடும்.

ஏப்ரல் 16, புதன்

நிவேதினி இன்று மறுபடியும். "அவள் அழகாக இருக்கிறாள்" என்பதில் "ஆக" இருக்கிறதே, ஷி இஸ் ப்யூட்டிஃபுல்லி என்று சொல்லலாமா என்று கேட்கிறாள். தமிழில் எது வந்தாலும் இங்கிலீஷில் அது ஆளைச் சொல்கிறதா, செயலைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஹார்டும் ஃபாஸ்டும் லேட்டும் அப்படியே நின்று இரண்டு வேலையும் பார்க்குமாம். எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கோகிலவாணி சொன்னாள், எங்கள் கல்யாணத்தன்று என் கல்லூரி சேக்காளிகளிடம் நான் இவளைக் காட்டி அதே வாக்கியத்தைச் சொன்னேனாம். அவர்கள் மண்டபத்துக்கு வெளியே போய் நின்று சிரித்தார்களாம். சந்தோஷத்தில் சிரித்திருப்பார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சுகந்திக்கு இன்று நேர்காணல். நாளைக்கு ஜாங்கிரியோடு வருவாள். எனக்குச் சர்க்கரை 180 இருக்கிறது. ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

ஏப்ரல் 23, புதன்

ஜாங்கிரி வரவில்லை.

மூன்றாம் பீரியட் முடிந்து ஓய்வறையில் இருந்தேன். சுகந்தி நேராக என் மேசைக்கு வந்தாள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"ஏனுங் சார், உங்களுக்கு நானென்ன கெடுதல் பண்ணிப்போட்டனுங்?"

"என்னம்மா ஆச்சு?"

"பிரின்சிபால் அம்மா எம்பட முன்னாலயே லெட்டரைப் பிரிச்சுப் படிச்சாங்க. படிச்சுப்போட்டு என்ற மூஞ்சியப் பார்க்கறாங்க. 'உங்க சாரே, நீங்க வேலையே செய்யறதில்லைன்னு எழுதியிருக்காரே. கொஞ்ச நாளாப் பள்ளிக்கூடத்துக்கே வரலையாமே'ங்கறாங்க. அப்பறம் கடேசியா ஒண்ணு. நான் ஏறக்குறைய உசுரோட இருக்கறனாமாங்."

யாரோ சிரிப்பை அடக்கியது காதில் விழுந்தது. சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை.

"பீரியட் எடுத்ததுக்குக் கோவமிருந்தா என்னையத் திட்டியிருக்கலாமில்லீங் சார்? பதினோரு வருசம். ஒருநா லேட்டா வந்திருப்பனுங்களா?"

மே பத்து வரை வேறு ஆள் போடமாட்டார்களாம். மறுகடிதம் இருந்தால் பார்க்கிறோம் என்றார்களாம். "அதையும் நீங்கதான எழுதோணும்? உங்ககிட்ட எப்படிங் சார் மறுபடி கேக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோத்தகிரி பிரின்சிபாலுக்கு இங்கிலீஷ் போதாது. அதுதான் விஷயம்.

ஏப்ரல் 24, வியாழன்

வீட்டு அகராதியில் ஹார்ட்லி பார்த்தேன். "அரிதாக, ஏறக்குறைய இல்லை எனும்படியாக" என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழை.

ஏப்ரல் 25, வெள்ளி

பள்ளி நூலகத்தில் பெரிய அகராதி. அதிலும் அதே அச்சுப்பிழை. லேட்லி என்றால் "சமீப காலமாக" என்கிறான். நியர்லி என்றால் "கிட்டத்தட்ட" என்கிறான்.

சூத்திரம் தவறாக இருக்க முடியாது. சொற்கள் சரியாக நடந்துகொள்ளவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஒரு விசித்திரம். மூன்று நாளாக ஓய்வறையில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. நாச்சிமுத்து சாரிடம் வைத்துக்கொள்ளாதே, பேனாவாலேயே கழுத்தை அறுத்துவிடுவார் என்று பேசிக்கொள்கிறார்கள். பி.டி. மாஸ்டர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். நான் வேண்டுமென்றேதான் எழுதினேன் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒருவர்கூட வேறு எதையும் சந்தேகப்படவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கெட்டவன் என்ற பெயர் எத்தனை நாளைக்கு? ஒரு கோடை விடுமுறை தாங்காது. இங்கிலீஷ் தெரியாதவன் என்ற பெயர் வந்தால் அது என் பென்ஷனோடு சேர்ந்து மாசாமாசம் வரும். நான் எதையும் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சுகந்தி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். காம்பஸ், டஸ்டர், ஒரு தண்ணீர் பாட்டில். பதினோரு வருடத்துக்கு ஒரு துணிப்பை போதுமாக இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நிவேதினியைச் சோதிப்போம் என்று மூன்று வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "என்ற பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் எழுதியிருக்கான். இதுல என்ன தப்புன்னு சொல்லு பார்ப்போம்" என்றேன்.

படித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அகராதியில் இருந்ததேதான்.

"சொல்ல வந்தது நல்லதுங் சார். கடினமா உழைக்கறாங்க, லேட்டா வரமாட்டாங்க, பக்கத்துல குடியிருக்காங்க. எல்-ஒய்ய எடுத்துப்போட்டு, ஹார்டையும் லேட்டையும் பின்னால வெச்சு, நியருக்கு அப்பறம் எதுக்குப் பக்கத்துலன்னு சொல்லிட்டாப் போதுமுங். மூணும் சரியாயிரும். பாவம், எல்-ஒய் போட்டதால எல்லாமே குப்புற விழுந்துருச்சு."

"ம்."

"யாருங் சார் இவனுக்கு இங்கிலீஷ் எடுத்தது?"

கேட்டுவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மறுபடி பார்த்தாள். "ஷி" என்று இருப்பதைப் பார்த்ததும் சுகந்தியின் கடிதம் நினைவுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிரிப்பு நின்றுவிட்டது. தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனாள். இன்று வகுப்பே கிடையாது. பதிவேடு எதற்கு என்று தெரியவில்லை.

யாரிடமும் சொல்லமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

கோகிலவாணி பீரோவைச் சுத்தம் செய்கிறேன் என்று என் கடிதக் கோப்பை எடுத்திருக்கிறாள். நகலை அகராதியோடு வைத்துப் படித்திருக்கிறாள். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் அவள் எதிரில் உட்கார்ந்தால் காப்பியை உடனே குடித்துவிடுவது நல்லது.

"ஊரே உங்களப் பாவின்னு பேசுது. சந்தைல எம்பட காதுபடவே சொல்றாங்க. நீங்க வேணும்னே எழுதலைன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

"போயிச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"எனக்குத் தெரியலீங், தப்பா எழுதிப்போட்டன்னு."

"முப்பத்து மூணு வருசம் கோகிலா."

"அந்தப் புள்ளைக்குப் பதினோரு வருசம். உங்களுக்கு இன்னொரு வருசத்துல பென்ஷன் வருது. அவளுக்கு என்ன வருது?"

நான் சொன்னேன், கெட்டவன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அதை என்னால் சுமக்க முடியும், மற்றதை முடியாது என்று. அவள் என்னையே பார்த்தாள்.

"நான் பாவியோட குடும்பம் நடத்தறதுக்கு, கிராமர் தெரியாதவரோட நடத்திட்டுப் போறனுங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். காப்பி பாதி மிச்சம் இருந்தது.

மே 1, வியாழன்

விடுமுறை. மறுகடிதம் ஐந்து முறை எழுதினேன்.

முதல் தாளில் தட்டச்சுக்காரர் தவறு என்று எழுதினேன். கடிதம் என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டாவதில் கண் ஆபரேஷன் என்றேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதில் பிரிட்டிஷ் இங்கிலீஷில் வேறு பொருள் உண்டு என்று எழுதினேன். அதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான்காவதில் ஒரு மன்னிப்பு. அதில் "சின்சியர்" என்ற சொல்லுக்கு எல்-ஒய் போடுவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் இப்படி உட்கார்ந்து யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

ஐந்தாவதைத் தமிழில் எழுதினேன்.

மே 2, வெள்ளி

சுகந்தி வீடு பள்ளிக்குப் பின்தெருவில். உண்மையிலேயே அருகில்தான் வசிக்கிறாள். கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கடிதத்தை ஒட்டாமல்தான் கொண்டுபோயிருந்தேன். படித்துப் பார் என்று கொடுத்தேன். அவள் வாய்விட்டே படித்தாள்.

"ஏப்ரல் பத்தாம் தேதி நான் எழுதிய கடிதத்தில் உள்ள மூன்று வாக்கியங்களும் தவறு. சுகந்தி கடினமாக உழைப்பவர். பதினோரு ஆண்டுகளில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. பள்ளிக்கு அருகிலேயே குடியிருக்கிறார். இதைத்தான் எழுத நினைத்தேன். அட்ஜெக்டிவுக்கும் அட்வெர்புக்கும் வித்தியாசம் எனக்குச் சரியாகத் தெரியாததால் எல்லாம் தலைகீழாக வந்துவிட்டது. பிழை அவருடையது அல்ல. ஆங்கில ஆசிரியரான என்னுடையது. கு. நாச்சிமுத்து."

படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப வேணும்னு எழுதலீங்களா?"

"இல்லைம்மா."

"நெசமாலுமே தெரியாதுங்களா?"

"தெரியாது."

முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்தை மடித்துக்கொண்டு சரிங் சார் என்று கதவைச் சாத்தினாள். தெருவில் நடந்து வரும்போது என் வீட்டையே தாண்டிப் போய்விட்டேன். சர்க்கரையாக இருக்கலாம் என்று எழுதப் பார்த்தேன். சர்க்கரை இல்லை.

மே 5, திங்கள்

செய்தி ஒன்றும் இல்லை. கோகிலவாணி காப்பியில் பழையபடி பால் கூட்டியிருக்கிறாள்.

ஓய்வறையில் விஷயம் பரவிவிட்டது. சுகந்தி சொல்லவில்லை, நிவேதினியும் சொல்லவில்லை. நானே பி.டி. மாஸ்டரிடம் சொன்னேன். நாற்காலி கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்து அந்த நான்கு பேருக்கும் மதிப்பெண் போட்டேன். முப்பத்தொரு பேருக்குப் போட்டதை அடித்தேன். அடித்தபோதுதான் உறைத்தது, அவர்கள் நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாக எழுதியவர்கள்.

மே 8, வியாழன்

காலையில் சுகந்தி வந்தாள். கையில் பணி ஆணை. கோத்தகிரியில் கொடுத்துவிட்டார்கள். தமிழ்க் கடிதத்தைப் பிரின்சிபால் அம்மா இரண்டு தரம் படித்தாராம், இப்படி ஒரு கடிதம் இதுவரை வந்ததில்லை என்றாராம். கோகிலவாணி அவளை உட்காரவைத்து வாயில் சர்க்கரை போட்டாள். எனக்கும் நீட்டினாள். தின்றேன்.

நல்லபடியாக முடிந்தது என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். சுகந்தி எழவில்லை.

"சார், ஒண்ணு சொல்லோணுமுங். நீங்க வேணும்னு எழுதினீங்கன்னு நெனச்சப்ப அழுகைதான் வந்துச்சு. அன்னைக்கு வந்து தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தானுங் பயம் வந்துச்சு."

"என்ன பயம்?"

"என்ற பொண்ணு திவ்யாம்பிகை ஆறாவதுலயிருந்து பத்தாவது வரைக்கும் உங்ககிட்டத்தானுங் சார் படிச்சா."

ஞாபகம் இருந்தது. முதல் பெஞ்ச். ரெட்டை ஜடை. எதைக் கேட்டாலும் முதல் கை அவளுடையது. அவள் நோட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

"நேத்து அவளக் கூப்பிட்டு, லேட்டா வந்தன்னு இங்கிலீஷ்ல சொல்லுடின்னேன். 'ஐ கேம் லேட்லி'ங்கறா. அப்பிடியில்லடின்னதுக்குச் சண்டைக்கு வர்றாளுங். நாச்சிமுத்து சார் சொல்லிக்குடுத்தது, உனக்கென்னம்மா தெரியும்ங்கறா."

"இப்ப என்ன பண்றா?"

சுகந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"காங்கேயத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சருங். ரெண்டு வருசமாச்சு. இங்கிலீஷ்தான் எடுக்கறா."

கோகிலவாணி சர்க்கரை டப்பாவை மூடினாள். நான் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

"ரெண்டு செக்சனுங். எம்பத்து நாலு பேரு."

அவள் போய்விட்டாள். எண்பத்து நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து, ஆக வந்தால் எல்-ஒய் என்று ஒரே குரலில் சொல்வது கேட்டது. நான் சொல்லிக்கொடுத்த ராகத்திலேயே சொன்னார்கள். கோகிலவாணி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளி திறக்க இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. காங்கேயத்துக்கு முதல் பஸ் ஆறே காலுக்கு.